தங்கத் தாழ்ப்பாள் இருக்கா?

மேல்மாடியில் குடோன் பொறுப்பில் இருக்கும் என் உடன்பிறந்த தம்பி அவர்களுக்கு,

கீழ்த்தளத்துக் கடையிலிருந்து உன் அண்ணன் எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன் என்று முதலில் எழுதுவது முறை, எழுதிவிட்டேன். அடுத்து உன் நலத்தை விசாரிக்க வேண்டும். அதற்கு அவசியமில்லை. காலையில் நாற்காலியை இழுக்கிறாய், இருமுகிறாய், ஜன்னலைத் திறக்கிறாய், மறுபடி இருமுகிறாய். என் தலைக்கு மேலே நடக்கிற விஷயத்துக்கு நான் தபாலில் விசாரணை அனுப்பினால் ஊர் சிரிக்கும். இருமலுக்கு ஏதாவது மருந்து சாப்பிடு. பாசத்தில் சொல்லவில்லை, சத்தம் தாங்கவில்லை.

நீ வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் மகன் வீட்டுக்கு ஒரேயடியாகக் கிளம்புகிறாய் என்று கேள்விப்பட்டேன். யார் சொன்னார்கள் என்று கேட்பாய். உறவுக்காரர் யாரும் இல்லை. சாமான் கட்டி வண்டியில் ஏற்றுகிற ஆள் ஒருவர் கடைக்கு வந்தார். "முதலாளி, இரும்புப் பெட்டிக்குப் போடுற மாதிரி நல்ல பூட்டா ரெண்டு குடுங்க" என்றார். வருகிறவரிடம் நாலு வார்த்தை பேசாமல் பூட்டு விற்றால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. "வேலை எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். அவர் விரலைத் தூக்கி என் கூரையைக் காட்டினார்.

"மேலயா?"

"ஆமா, மாடியில இருக்குற ஐயாவுக்குத்தான். மகன் வீட்டோட போயிடறாராம். பாவம், பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்ல. கீழ யாரோ கடைக்காரர் இருக்காராம், சரியான சிடுமூஞ்சியாம், வருஷக்கணக்கா ஒரு வார்த்தை..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்தார். "நீங்கதானா அது?"

"நான் கல்லாவுல உக்கார்ற ஆள். அவரு வெளிய போயிருக்காரு" என்றேன்.

"வந்தா சொல்லிடாதீங்க" என்றார். சொல்லவில்லை.

என் தம்பி என்னை விட்டுப் போவதற்கு நானே பூட்டு விற்றேன். வியாபாரம் என்று உட்கார்ந்துவிட்டால் யாருக்கு என்று பார்க்க முடியாது. ஆனால் ஒன்று, மட்டமான பூட்டைத் தலையில் கட்டவில்லை. இருப்பதிலேயே உயர்ந்த ரகமாக, அமுக்கினாலே பூட்டிக்கொள்கிற வகையாக, நானே அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். சாவிகளையும் மறக்காமல் ஒரு நூலில் கோத்து அவர் கையில் வைத்தேன். சாயந்திரம் நீ பெட்டிகளை மூடி இழுத்துச் சுவரோரம் நிறுத்தியது கேட்டது. பூட்டு இரண்டும் 'டக்' என்று விழுந்ததும் கேட்டது. நல்ல பூட்டு விழுகிற சத்தம் தனி.

என்னைப் பற்றி நீ துளியும் கவலைப்பட வேண்டாம். குடோனை வாடகைக்குக் கேட்டு ஒரு டைல்ஸ்காரர் என் காலைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். பெரிய பார்ட்டி. நல்ல மனிதர், கலகலவென்று பேசுகிறவர், இருமுவதே இல்லை. ஆகவே நீ மனநிம்மதியோடு போகலாம். ஆனால் போகிறவன் தப்பான எண்ணம் ஒன்றைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு போகக் கூடாது. நான் உன்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டேன் என்று நினைக்கிறாய். நிறுத்தவில்லை. இதைச் சொல்லத்தான் கடிதம். கதை கொஞ்சம் சுற்றி வளைக்கும், நடுவில் கணினி எல்லாம் வரும். நீ எதையும் மெதுவாகத்தானே செய்வாய், மெதுவாகவே படி.

நமக்குள் பேச்சு நின்றது மாடிப்படிக் கதவினால். கதவு கடைப் பக்கம் திறந்தால் கண்ணாடி அலமாரியில் இடிக்கும் என்றாய் நீ. படிப் பக்கம் திறந்தால் இறங்கி வருகிறவன் மூக்கில் இடிக்கும் என்றேன் நான். ஆயுள் முழுக்கக் கீலும் தாழ்ப்பாளும் விற்ற இரண்டு பேருக்கு ஒரு கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதில் ஒத்துப்போகவில்லை. தச்சர் பாவம், நான் இருக்கும்போது ஒரு மாதிரி மாட்டினார், நீ இருக்கும்போது கழற்றி வேறு மாதிரி மாட்டினார். கடைசியில் நிலையில் புதிதாகத் திருகு போட இடமே இல்லாமல் போய், "அண்ணனும் தம்பியும் ஒரு முடிவுக்கு வாங்க, இல்லாட்டி நிலையை மாத்துங்க, ரெண்டும் முடியாட்டி என்னை விட்டுடுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனார். அன்றைக்குச் சாத்திய கதவு. நீ பின்பக்கத்து வெளிப்படி வழியாகத் தெருவுக்கு இறங்க ஆரம்பித்தாய். இன்றைக்கும் சொல்கிறேன், நான் சொன்னதுதான் சரி. சரியாக இருந்து என்ன பிரயோஜனம் என்று நீ கேட்டால், அது வேறு கேள்வி.

அதற்குப் பிறகு என் மகள்தான் நமக்குத் தூது. கடை கீழே, சரக்கு மேலே. அவள் படியேறி இறங்கியே தேய்ந்தாள். "சித்தப்பா, அப்பா நாலங்குலக் கீல் ரெண்டு டஜன் கேக்குறாரு." நீ கேட்பாயாம், "எந்த அப்பா?" என்று. "எனக்கு இருக்குறது ஒருத்தர்தான் சித்தப்பா, அவரையே வச்சுச் சமாளிக்க முடியல" என்பாளாம். கீழே வந்து என்னிடம் "சித்தப்பா இல்லைங்கிறாரு" என்றால், நான் "எந்தச் சித்தப்பா?" என்பேன். நாம் இரண்டு பேரும் ஒரே நகைச்சுவையைத்தான் வைத்திருந்தோம் என்று இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

அவளுக்கு வேறு ஊரில் கணினி வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முன்னால் படிக்கு அடியில் ஒரு கணினியை வைத்து, எனக்கு ஒரு திரை, கூரையில் சரக்குக் கூடை இறக்குவதற்கு விட்டிருக்கிற துவாரம் வழியாக ஒயரை மேலே விட்டு உனக்கு ஒரு திரை என்று மாட்டி, பைத்தான் என்ற கணினி மொழியில் இரண்டு புரோகிராம் எழுதினாள். என் பக்கம் கேட்கிற புரோகிராம், உன் பக்கம் பதில் சொல்கிற புரோகிராம். உனக்கு எப்படி விளக்கினாளோ தெரியாது. எனக்கு இப்படி விளக்கினாள்:

"அப்பா, வெளியூர்ல இருக்குற ஒரு கம்ப்யூட்டர்கிட்ட இன்டர்நெட்ல எப்பிடிக் கேப்போமோ, அதே முறையிலதான் இதுவும் கேக்கும். யாருக்கு, என்ன வேணும், எந்த மாதிரி பதில் வேணும், எல்லாம் முறைப்படி எழுதும். ஆனா வீட்டை விட்டு வெளிய போகாது. இந்த மிஷினுக்குள்ளயே சாக்கெட்னு ஒரு ஃபைல் இருக்கும். ரெண்டு ரூமுக்கும் நடுவுல ஒரு வாசல் மாதிரி வச்சுக்கோ. உன் புரோகிராம் அந்த வாசல்ல போயிக் கேக்கும், சித்தப்பா புரோகிராம் அந்த வாசல்லயே பதில் குடுக்கும்."

நான் வியாபாரி. வீண் செலவைக் கண்டால் வயிறு எரியும். "ஒரே மிஷினுக்குள்ள இருக்குற ரெண்டு பேரு, வெளியூர்க்காரங்க மாதிரி எதுக்கு இவ்வளவு மரியாதையா லெட்டர் போட்டுக்கணும்? நேரா கேட்டா வாய் வெந்துடுமா?" என்றேன்.

அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அதை நீ கேக்குறியாப்பா?" என்றாள்.

பிறகு டீ குடித்தோம்.

இன்னொரு சங்கடமும் சொன்னாள். இந்தப் பைத்தானுக்கு வெளியூருக்கு எழுதத்தான் பழக்கமாம். பக்கத்து அறைக்கு எழுது என்றால் திருதிருவென்று முழிக்குமாம். அதனால் நடுவில் அடாப்டர் என்று ஒன்றை எழுதி உட்கார வைத்திருக்கிறாளாம். "தரகரா?" என்றேன். "அப்படியே வச்சுக்கோ." "கமிஷன்?" "அப்பா!" சரி என்று விட்டுவிட்டேன். கடைசியாக, "யாருக்குன்னு ஒரு பேரு கட்டாயம் எழுதியாகணும். ஆனா சாக்கெட் வழியா போறதால அந்தப் பேரை வச்சு எதுவும் நடக்காது, யாரும் படிக்கவும் மாட்டாங்க. சும்மா ஏதாவது ஒரு பேரு சொல்லு" என்றாள். யாரும் படிக்க மாட்டார்கள் என்று உத்தரவாதம் வாங்கிக்கொண்டு ஒரு பெயர் சொன்னேன். சிரித்துக்கொண்டே தட்டினாள். என்ன பெயர் என்பது பிறகு வரும்.

ஆரம்பத்தில் நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. நீ 'இருக்கு' என்று அழுத்தினால் எனக்கு இருநூறு என்று வரும், 'இல்லை' என்றால் நானூற்று நாலு என்று வரும். உலகம் முழுக்க அதுதான் வழக்கமாம். என்னிடம் யார் சொன்னார்கள்? முதல் நாள் ஒரு கைப்பிடியைக் கேட்டேன், இருநூறு என்று வந்தது, தம்பி விலையை ஏற்றிவிட்டான் போலிருக்கிறது என்று இருநூறுக்கே விற்றேன். அடுத்தவருக்கு ஒரு சின்னக் கொண்டி. நானூற்று நாலு. "ஒரு கொண்டிக்கு இந்த விலையா, இது என்ன கோட்டைக் கதவுக்கா?" என்று அவர் என்னைத் திட்ட, "சரக்கு உசத்திங்க" என்று நான் உன்னை விட்டுக்கொடுக்காமல் வாதாட, கடைசியில் அவர் சம்மதித்துக் காத்திருக்க, கூடை காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் இன்றைக்கும் எதிர்க்கடையில்தான் வாங்குகிறார்.

பழகிய பிறகு, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்துப்போயிற்று. நான் இங்கே அழுத்தியதும் உன் பக்கம் 'டிங்' என்று மணி அடிக்கும். அது கூரை வழியாக எனக்கும் கேட்கும். பிறகு உன் நாற்காலி, உன் செருப்பு, தகர டப்பா திறக்கிற சத்தம், கப்பியின் கிறீச். கூடை இறங்கும். வீட்டில் பெண்கள் இருந்தவரைக்கும் அந்தத் துவாரம் ஓயாமல் பேசும், நினைவிருக்கிறதா? உன் வீட்டுக்காரி மேலே குனிந்துகொண்டும் என் வீட்டுக்காரி கீழே நிமிர்ந்துகொண்டும் கழுத்து வலிக்கப் பேசுவார்கள். இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு அதன் வழியாக வந்தது சரக்கும் ஒயரும்தான்.

மகள் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன சோதனை ஒன்று உண்டு. "லைன் நல்லா இருக்கான்னு சந்தேகம் வந்தா, நிச்சயமா இல்லாத சரக்கைக் கேளு. 'இல்லை'ன்னு பதில் வந்தா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம். பதிலே வரலைன்னாதான் கவலைப்படணும்." நான் முதன்முதலில் கேட்டது தங்கத் தாழ்ப்பாள். டிங். நானூற்று நாலு. அன்றிலிருந்து தினமும் ஷட்டரை இறக்குவதற்கு முன்னால் கடைசி வேலையாகத் தங்கத் தாழ்ப்பாள் கேட்பது வழக்கமாகிவிட்டது. நீயும் ஒரு நாள்கூட 'இதென்ன பைத்தியக்காரத்தனம்' என்று மணியை அணைத்து வைத்ததில்லை. தினமும் 'இல்லை' என்றாய். இல்லை என்று வந்ததும் நான் விளக்கை அணைப்பேன். உனக்குத் தெரியுமோ தெரியாதோ, அந்த நேரத்துக்கு அப்புறம் மறுநாள் காலை வரைக்கும் என்னிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மழைக்காலத்தில் ஒரு நாள் கரண்டு போய் வந்தது. அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் 'மறுக்கப்பட்டது' என்று வந்தது. மகளுக்குப் போன் போட்டேன். "கரண்டு போனப்ப சித்தப்பா புரோகிராம் செத்துருச்சு, ஆனா வாசல் ஃபைல் மட்டும் அப்படியே நிக்குது. அது நிக்கிறதால புதுசா திறக்கவும் முடியல. அந்தப் பழைய ஃபைலை அழிச்சிடு, சரியாயிடும்" என்றாள். அழித்தேன். சரியாயிற்று. மேலே அதே நேரத்தில் நீ உன் புரோகிராமை மறுபடி திறந்ததனால்தான் சரியாயிற்று என்பது எனக்கு எப்படித் தெரியும்? மருந்து கண்டுபிடித்த டாக்டர் மாதிரி நான் இங்கே தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

போன வாரத்துக்கு முந்தின வாரம் ஒரு காண்டிராக்டர் வந்து ஆறங்குலத் தாழ்ப்பாள் கேட்டார். அவசரக்காரர். அழுத்தினேன். டிங் கேட்டது. பதில் இல்லை. "இருக்கா இல்லையா முதலாளி?" "வந்துக்கிட்டே இருக்குங்க." "எங்கேர்ந்து வருது, கப்பல்லயா?" "மாடியிலேர்ந்து." "அப்ப மேல ஒரு சத்தம் குடுத்தா கேக்குமே?" என்று அவரே துவாரத்தைப் பார்த்து வாயைத் திறந்தார். நான் தடுத்தேன். "எங்க கடையில ஒரு முறை இருக்குங்க" என்றேன். அவர் முறையையும் என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் புரோகிராமை மூடினேன், எனக்குத் தெரிந்த மருந்தைக் கொடுத்தேன். வாசல் ஃபைலை அழித்தேன். மறுபடி திறந்து கேட்டால், 'அப்படி ஒரு ஃபைலே இல்லை' என்கிறது. அந்த நேரம் பார்த்துக் கூடை இறங்குகிறது, உள்ளே ஆறங்குலத் தாழ்ப்பாள், அட்டைப் பெட்டியோடு. ஆள் போன பிறகு சரக்கு வருகிறது, பதிலும் வரவில்லை, வாசலும் இல்லை. தம்பி வேண்டுமென்றே செய்கிறான், வாசலைப் பிடுங்கிவிட்டு வாயில் மிட்டாய் வைக்கிறான் என்று நினைத்துக் கூடையை அப்படியே மேலே அனுப்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு டிங் இல்லை. நான் எத்தனை தடவை அழுத்தினேன் என்று எழுதினால் எனக்கே மரியாதைக் குறைச்சல். வாடிக்கைக்காரரை உட்கார வைத்துவிட்டுப் பின்வழியாக ஓடி, எதிர்க்கடையில் சில்லறை விலைக்கு வாங்கி அதே விலைக்கு விற்றேன். எதிர்க்கடைக்காரர், "என்ன முதலாளி, நம்ம கடைக்கே வாடிக்கை ஆயிட்டீங்க, கார்டு ஒண்ணு போட்டுத் தரட்டா?" என்று கேட்டார். இந்த ஊரில் நடைபாதையில் சாக்கை விரித்துப் பூட்டு விற்றுக் கட்டடம் வரைக்கும் வந்தவன் நான். கேட்டுக்கொண்டேன். சாயந்திரமானால் தங்கத் தாழ்ப்பாள் கேட்டேன். 'அப்படி ஒரு ஃபைலே இல்லை.' அது உன் 'இல்லை' இல்லை. மிஷினுடைய 'இல்லை'. அதைப் பார்த்துவிட்டு விளக்கை அணைக்க முடியவில்லை. கடை விளக்கு எரிந்தபடியே கிடந்தது.

பூட்டு விற்ற அன்றைக்கு மத்தியானம் பொறுக்க முடியாமல் மகளைக் கூப்பிட்டேன். "உன் சித்தப்பா என்னை வெட்டி விட்டுட்டான். வாசலையே பிடுங்கிட்டான். இப்ப பெட்டியும் கட்டுறான்" என்றேன்.

"ஸ்கிரீன்ல என்னப்பா வருது?"

"அப்படி ஒரு ஃபைலே இல்லைன்னு வருது."

"ஃபைலை யாரு அழிச்சா?"

"நீதானே சொல்லிக் குடுத்த?"

"அப்பா, ஆளு செத்த பிறகு வாசலை இடிக்கச் சொன்னேன். நீ ஆளு உள்ள உயிரோட இருக்கும்போதே இடிச்சிருக்க. சித்தப்பா புரோகிராம் இப்பவும் அங்கயேதான் உக்காந்துருக்கு. யாரு கேட்டாலும் பதில் சொல்லத் தயாரா இருக்கு. ஆனா அதுகிட்ட போறதுக்கு வழியில்ல."

"வழியில்லைன்னு அதுக்குத் தெரியாதா?"

"எப்பிடித் தெரியும்? யாரும் தன்னை எதுவும் கேக்கலைன்னுதான் நினைச்சுக்கும்."

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். மேலே நீ இருமினாய்.

அப்போதுதான் உன் பக்கத்துக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஆறங்குலத் தாழ்ப்பாள் எல்லாப் பெட்டிக்கும் அடியில் கிடந்திருக்கும். நீ ஒவ்வொன்றாக இறக்கித் தேடி எடுத்து, பதில் அழுத்துவதற்கு முன்னால் சரக்கைக் கூடையில் வைத்து இறக்கியிருக்கிறாய். நான் திருப்பி அனுப்பினேன். அதோடு கேள்வி நின்றது. கீல் இல்லை, கொண்டி இல்லை, சாயந்திரத்துத் தங்கத் தாழ்ப்பாளும் இல்லை. அண்ணனுக்கு நான் இனித் தேவையில்லை என்று நீ எண்ணியிருந்தால், உன் இடத்தில் நானும் மகனுக்குத்தான் போன் போட்டிருப்பேன்.

"நீயே சித்தப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடும்மா" என்றேன் மகளிடம்.

"மாட்டேன். நான் இனிமே தூது போகக் கூடாதுன்னுதான் அந்தப் புரோகிராமையே எழுதினேன். மிஷினும் வெளிய எதோடயும் சேரல, இங்கேர்ந்து என்னால தொடவும் முடியாது. மேல போயிச் சொல்லு."

"மேல போறதா? கதவு..."

"கதவு எந்தப் பக்கம் திறக்கும்னு கேக்காம போ" என்றாள். பிறகு போனை வைக்கப்போனவள், "அப்பா, அன்னிக்கு நீ ஒரு பேரு சொன்னல்ல, யாருக்குன்னு எழுதுறதுக்கு? பதில்லயும் அதே மாதிரி ஒரு இடம் இருக்கு, அனுப்புறவர் பேரு. அதையும் யாரும் படிக்க மாட்டாங்கன்னு சொல்லித்தான் சித்தப்பாகிட்ட ஒரு பேரு கேட்டேன். அவரும் சொன்னாரு" என்றாள்.

"என்னன்னு சொன்னான்?"

"நீ சொன்ன அதே பேருதான்பா."

உனக்குப் புரிந்திருக்கும். நடைபாதைக் காலத்தில் நான் சாக்கைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓட, நீ ஆணி நிறுக்கிற தராசையும் தட்டையும் சுமந்துகொண்டு பின்னால் அசைந்து அசைந்து வருவாய். நான் திரும்பிப் பார்த்து அந்தப் பெயரைச் சொல்லிக் கத்துவேன். நீ தராசுக் கல்லை எடுத்து எறிவாய். அந்தப் பெயரைச் சொன்னவர்கள் யாரையும் நீ விட்டதில்லை. நான் அதைத்தான் எழுதச் சொன்னேன், ஒருவரும் பார்க்கப்போவதில்லை என்ற தைரியத்தில். நீயும் அதையே எழுதச் சொல்லியிருக்கிறாய். இத்தனை காலமாக ஆமைக்கு என்று எழுதிக் கீலும் கொண்டியும் கேட்டிருக்கிறேன். ஆமை என்று கையெழுத்துப் போட்டே நீ எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறாய். நாம் இரண்டு பேரும் படிக்கவில்லை. மிஷின் படித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

போகட்டும். வேண்டுகோள் ஒன்றுதான், கேட்டுவிட்டு முடிக்கிறேன். உன் பக்கத்துத் திரையில் உன் புரோகிராமை ஒரு தடவை மூடி மறுபடி திற. இங்கிருந்து என்னால் முடியாது. மிஷினையே அணைத்துப் போட்டாலும் உன்னுடையதை நீதான் திறக்க வேண்டும். திறந்ததும் புது வாசல் தானாக முளைக்குமாம். பிறகு நான் ஒரு சரக்குக் கேட்பேன். என்ன சரக்கு என்று உனக்குத் தெரியும். நீ 'இல்லை' என்று ஒரு பதில் சொல். அதற்கப்புறம் தாராளமாக, சந்தோஷமாக, உன் மகன் வீட்டுக்குப் போய் இரு. டைல்ஸ்காரர் திங்கட்கிழமையே குடி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நீ எங்கே இருந்தாலும் கால் வலி இல்லாமல், காற்றோட்டமான அறையில், நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இரு. உன் மகனுக்கும் மருமகளுக்கும் பெரியப்பாவின் ஆசி. பேரப்பிள்ளைக்கு அவன் பார்த்தேயிராத பெரிய தாத்தாவின் முத்தம். மீசை குத்தும் என்று முன்கூட்டியே சொல்லி வை.

இப்படிக்கு,
கீழ்த்தளத்திலிருந்து,
உன் அண்ணன்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் போடத்தான் உறை வாங்கினேன், விலாசமும் எழுதினேன். எழுதிப் பார்த்தால் அனுப்புகிறவர் விலாசமும் பெறுகிறவர் விலாசமும் ஒன்றாகவே இருக்கிறது. தபால்காரர் என்ன நினைப்பார்? அதனால் கூடையிலேயே அனுப்புகிறேன். கப்பிக்கு எண்ணெய் விட்டிருக்கிறேன், மெதுவாக இழு.

டைல்ஸ்காரர் என்று யாரும் இல்லை.

சாமான் கட்டுகிற ஆளிடம் நான் நூலில் கோத்துக் கொடுத்த சாவிகள் அந்தப் பூட்டுகளுக்கு உரியவை அல்ல. வேறு ரகம், திருப்பித் திருப்பிப் பார்த்து வீணாகக் கையை நோகடித்துக்கொள்ளாதே. உரிய சாவிகள் என் சட்டைப் பையில் இருக்கின்றன. நல்ல பூட்டு, உடைக்க மனம் வராது உனக்கு. நீயேதான் இறங்கி வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். வெளிப்படி வழியாகச் சுற்றிக்கொண்டு வராதே, உள்படியிலேயே வா. கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று யோசிக்க வேண்டாம். காலையில் திருப்புளியை எடுத்து நானே கழற்றிப் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டேன்.

கழற்றிய கீல்கள் கடிதத்துக்குக் கீழே இருக்கின்றன. துருப் பிடிக்கவில்லை, நம் சரக்கு. துடைத்து இருப்பில் சேர்த்துக்கொள், ஆமை.